வகுப்பறைப் பயிற்சி ஒன்று ஹேக் நகரம் வரை சென்ற வழி

கல்லூரி ஒன்றில் நாட்டு நலப்பணித் திட்ட அலுவலராகவும் இருக்கும் ஆசிரியர் ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது: "உலகப் பிரச்சினைகளில் இளைஞர்களை ஈடுபடுத்துங்கள் என்று ஆண்டுதோறும் சுற்றறிக்கை வருகிறது. நாங்களும் பேரணி, சுவரொட்டிப் போட்டி, உறுதிமொழி என்று செய்கிறோம். படம் எடுத்து அனுப்புகிறோம். எதுவும் தீர்ந்ததாகத் தெரியவில்லை. இருபது வயதுப் பிள்ளைகளால் பருவநிலை மாற்றம் போன்ற ஒன்றில் உண்மையாகவே ஏதாவது செய்ய முடியுமா? முடியுமென்றால் ஆசிரியர்களாகிய நாங்கள் அதற்கு எப்படி வழி செய்வது?"

முடியும். ஆனால் நீங்கள் குறிப்பிட்ட மூன்றில் எதுவும் அதற்கு வழியாகாது. ஏனென்றால் பேரணிக்கும் சுவரொட்டிக்கும் உறுதிமொழிக்கும் முகவரி கிடையாது. யாரிடம் கேட்கிறோம், அவரால் எதைச் செய்ய முடியும், அவர் செய்யவில்லை என்றால் அடுத்து யாரிடம் போவது என்ற மூன்றும் தெளிவாக இல்லாத வேலையை மாணவர்களிடம் கொடுத்துவிட்டு, அவர்களுக்கு அக்கறை இல்லை என்று பிறகு குறைபட்டுக்கொள்வது நம் வழக்கமாகிவிட்டது. இதைப் பொதுவாகச் சொல்லிக்கொண்டு போவதைவிட, சுற்றுச்சூழல் சட்டம் கற்பிக்கும் எனக்கு நன்கு தெரிந்த ஒரு நிகழ்வை முழுமையாகச் சொல்கிறேன். இளைஞர் என்றதும் எல்லோரும் பருவநிலைக்காக 2018இல் சுவீடன் நாடாளுமன்றத்தின் முன் அமர்ந்த பள்ளி மாணவி கிரேட்டா துன்பர்க்கைத்தான் நினைக்கிறார்கள். அந்த மறியலின் மதிப்பை நான் குறைக்கவில்லை. ஆயினும் ஆசிரியர் ஒருவர் கற்றுக்கொள்வதற்கு அதைவிட அதிகச் சரக்கு உள்ள கதை, அடுத்த ஆண்டில் பசிபிக் பெருங்கடலின் ஒரு தீவில் தொடங்கியது.

வனுவாட்டு என்பது ஆஸ்திரேலியாவுக்குக் கிழக்கே ஏறத்தாழ எண்பது தீவுகளும் மூன்று லட்சத்துச் சொச்சம் மக்களும் கொண்ட நாடு. 2015 மார்ச்சில் பாம் என்னும் சூறாவளி தாக்கியபோது ஏற்பட்ட சேதம், அந்நாட்டின் ஓராண்டு மொத்த உற்பத்தியில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு அளவுக்கு இருந்தது. பன்னிரண்டு பசிபிக் நாடுகள் கூட்டாக நடத்தும் தென் பசிபிக் பல்கலைக்கழகத்தின் தலைமை வளாகம் ஃபிஜியில் இருக்கிறது. அதன் சட்டப் பள்ளி வனுவாட்டுவின் தலைநகரான போர்ட் விலாவில் இருக்கிறது. (ஃபிஜி என்றால் நமக்கு அந்நியமில்லை, சென்னைத் துறைமுகத்திலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகக் கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேறிய நம்மவர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் அங்கே வாழ்கிறார்கள்.) 2019இல் அந்தச் சட்டப் பள்ளியில் பன்னாட்டுச் சுற்றுச்சூழல் சட்டம் படித்துக்கொண்டிருந்த, எட்டுத் தீவு நாடுகளைச் சேர்ந்த 27 மாணவர்கள்தாம் இந்தக் கதையின் நாயகர்கள்.

அவர்களுக்கு வகுப்பில் ஒரு பயிற்சி கொடுக்கப்பட்டது: பருவநிலை மாற்றத்துக்கு எதிராக இன்றுள்ள பன்னாட்டுச் சட்டத்தைக் கொண்டு எடுக்கக்கூடிய வழிகளில் மிக உறுதியானது எது? அவர்கள் தேர்ந்தது, நெதர்லாந்தின் ஹேக் நகரிலுள்ள சர்வதேச நீதிமன்றத்திடம் ஆலோசனைக் கருத்து, அதாவது ஒரு சட்டக் கேள்விக்கு நீதிமன்றம் தரும் விளக்கம், கேட்பது. இது அவர்களாகக் கண்டுபிடித்த புதுமை அன்று. அணு ஆயுதம் சட்டத்துக்கு உட்பட்டதா என்று 1994இல் ஐ.நா. பொதுச்சபை இதே நீதிமன்றத்திடம் கேட்டு, 1996இல் கருத்தும் பெற்றது. அந்த முயற்சிக்கும் வித்திட்டது நியூசிலாந்தில் தொடங்கிய ஒரு குடிமக்கள் இயக்கம்தான். பருவநிலை மாற்றத்துக்காக இதே வழியில் போகப்போவதாகப் பலாவ் என்ற இன்னொரு தீவு நாடு 2011இல் அறிவித்தது; ஆனால் போதிய நாடுகளின் ஆதரவு திரளாமல் அந்த முயற்சி தீர்மானம் என்ற நிலைக்கே வராமல் நின்றுவிட்டது. ஆக, 2019இல் அந்த வகுப்பின் கைகளில் வென்ற முயற்சி ஒன்றும் தோற்ற முயற்சி ஒன்றும் இருந்தன. இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு சட்டப் புலமையில் இல்லை. எத்தனை நாடுகளைப் பேசிச் சேர்க்க முடிந்தது என்பதில் இருந்தது.

மாணவர்கள் பயிற்சித் தாளை எழுதி மதிப்பெண் வாங்கிக்கொண்டு போயிருக்கலாம். அவர்கள் 'பருவநிலை மாற்றத்துக்கு எதிராகப் போராடும் பசிபிக் தீவு மாணவர்கள்' என்ற பெயரில் ஓர் அமைப்பைத் தொடங்கி, பசிபிக் தீவுகள் மன்றத்தைச் சேர்ந்த நாடுகளின் தலைவர்களுக்குக் கடிதம் எழுதினார்கள். என் மாணவர்களிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வது இந்தக் கடிதத்தைப் பற்றித்தான். "பூமியைக் காப்பாற்றுங்கள்" என்று கேட்டிருந்தால், அதற்குத் தலைவர்கள் ஒரு வாழ்த்துச் செய்தி அனுப்பிவிட்டு நகர்ந்திருக்கலாம். மாணவர்கள் கேட்டது ஐ.நா. பொதுச்சபையில் இன்ன தீர்மானத்தைக் கொண்டுவாருங்கள் என்று. ஐ.நா. சாசனத்தின் 96ஆவது உறுப்பின்படி பொதுச்சபை எந்தச் சட்டக் கேள்வியையும் சர்வதேச நீதிமன்றத்துக்கு அனுப்பலாம். பாதுகாப்பு அவையில் உள்ளதைப் போன்ற தடுப்பதிகாரம் (வீட்டோ) அங்கே எந்த வல்லரசுக்கும் இல்லை. மூன்று லட்சம் பேர் உள்ள நாட்டுக்கும் நூற்று நாற்பது கோடிப் பேர் உள்ள நாட்டுக்கும் ஒரே ஒரு வாக்குத்தான். சிறிய நாடு எந்தக் கதவைத் தட்டினால் அது திறக்க வாய்ப்பிருக்கிறதோ, அந்தக் கதவைத் தேடிக் கண்டுபிடித்து அதன் எண்ணைக் கடிதத்தில் எழுதியிருந்தார்கள் என்று சொல்லலாம்.

அந்த 2019 ஆகஸ்டில் துவாலுவில் கூடிய மன்றத்தின் தலைவர்கள் இந்த யோசனையைக் 'கவனத்தில் கொண்டார்கள்'. அரசு மொழியில் அதற்கு என்ன பொருள் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வனுவாட்டு மட்டும் அதைக் கையில் எடுத்துக்கொண்டது. அப்போது வெளியுறவு அமைச்சராக இருந்து பின்னர் பருவநிலை மாற்றத் துறை அமைச்சரான ரால்ஃப் ரெகன்வானுவுக்கு இதில் பெரும் பங்கு உண்டு. இளைஞர் ஈடுபாடு பற்றிய பேச்சுகளில் இந்தப் பகுதி எப்போதும் விட்டுப்போகிறது: கடிதத்தைப் படித்து, "சரி, இதை நான் எடுத்துக்கொள்கிறேன்" என்று சொல்லக்கூடிய ஒரு பெரியவர் எதிர்ப்பக்கத்தில் இருக்க வேண்டும். 27 பேரில் ஒருவருக்குக்கூடப் பொதுச்சபையில் வாக்கு கிடையாது.

2021 செப்டம்பரில் வனுவாட்டு தன் முடிவை முறைப்படி அறிவித்தது. குவாம் தீவைச் சேர்ந்த ப்ளூ ஓஷன் லா என்ற சட்ட நிறுவனம் சட்டப் பணிக்குத் துணை நின்றது. ஜெர்மனி, வங்கதேசம், சியரா லியோன், சிங்கப்பூர், நியூசிலாந்து என்று கண்டம் கண்டமாகத் தேர்ந்தெடுத்தாற்போல் அமைந்த முன்னணி நாடுகளின் குழு உருவாகியது; பலாவின் தோல்வி கற்றுத் தந்த பாடம் இதுதான். மாணவர்களோ பிற கண்டங்களின் இளைஞர்களையும் சேர்த்துக்கொண்டு உலக அளவிலான ஒரு வலையமைப்பை உருவாக்கி, பாதிக்கப்பட்ட மக்களின் வாக்குமூலங்களைத் திரட்டினார்கள். தத்தம் நாட்டு அரசுகளைக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். தீர்மானத்தின் உயிர்நிலை நீதிமன்றத்திடம் கேட்க வேண்டிய கேள்வியின் சொல்லமைப்பு. மிகக் கூர்மையாகக் கேட்டால் பெரிய நாடுகள் விலகிவிடும். மழுப்பலாகக் கேட்டால் மழுப்பலான விடைதான் வரும். கடைசியில் கேள்வி இரண்டு பகுதிகளாக அமைந்தது. பருவநிலையைக் காப்பதில் நாடுகளுக்கு உள்ள கடமைகள் யாவை என்பது முதற்பகுதி. அவற்றை மீறிப் பெருங்கேடு விளைவித்த நாடுகளுக்கு, சிறு தீவு நாடுகளையும் இன்றைய, வருங்காலத் தலைமுறையினரையும் பொறுத்தவரையில், நேரும் சட்ட விளைவுகள் யாவை என்பது இரண்டாம் பகுதி. 2023 மார்ச் 29 அன்று, 130க்கும் மேற்பட்ட நாடுகள் இணைந்து முன்மொழிந்த அத்தீர்மானம் வாக்கெடுப்பே இல்லாமல் ஒருமனதாக நிறைவேறியது.

2024 டிசம்பர் 2 முதல் 13 வரை ஹேக் நகரில் வாய்மொழி வாதங்கள் நடந்தன. 96 நாடுகளும் 11 பன்னாட்டு அமைப்புகளும் பேசின. அந்நீதிமன்றத்தின் வரலாற்றில் அவ்வளவு பேர் பங்கேற்ற வழக்கு வேறில்லை. முதல் நாளில் முதலில் பேசியது வனுவாட்டுவின் தரப்பு. ஐந்தாண்டுகளுக்கு முன் அந்த வகுப்பில் அமர்ந்திருந்த, சாலமன் தீவுகளைச் சேர்ந்த சிந்தியா ஹூனியுஹி அத்தரப்பில் நின்று பதினைந்து நீதிபதிகளின் முன் உரையாற்றினார். 2025 ஜூலை 23 அன்று நீதிமன்றம் ஒருமனதாகத் தன் கருத்தை வெளியிட்டது. நாடுகளின் கடமை பருவநிலை குறித்த பாரிஸ் உடன்படிக்கையோடு முடிந்துவிடுவதில்லை. சுற்றுச்சூழலுக்குப் பெருங்கேடு விளையாமல் தடுப்பது வழக்காற்றுச் சட்டத்தின்படி, அதாவது நாடுகள் தொடர்ந்து பின்பற்றி வந்ததால் சட்டமாகிவிட்ட நடைமுறையின்படி, எல்லா நாடுகளுக்கும் உள்ள கடமை. புதைபடிவ எரிபொருளை எடுப்பதற்கு உரிமம் வழங்குவதும் அதற்கு மானியம் கொடுப்பதும்கூட அந்தக் கடமையை மீறிய செயலாகக் கருதப்படலாம். காரண காரியத் தொடர்பு நிறுவப்பட்டால் இழப்பீடும் கோரலாம். கடல்மட்டம் உயர்ந்து நிலப்பரப்பு சுருங்கினாலும், முன்பே வரையறுத்த கடல் எல்லைகளை ஒரு நாடு மாற்றி வரைய வேண்டியதில்லை. இந்தக் கடைசிப் பகுதியைத் தீவுக்காரர்கள் எவ்வளவு நெஞ்சில் ஏந்தியிருப்பார்கள் என்பதைக் கடற்கரையில் வாழ்கிறவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

இதைப் பெரிய வெற்றி என்று நான் கருதினாலும், குறைகளையும் சொல்லியாக வேண்டும். ஆலோசனைக் கருத்து யாரையும் கட்டுப்படுத்தாது. அதனால் ஒரு டன் கரியமில வாயுகூட உடனே குறைந்துவிடவில்லை. ஏற்கெனவே உள்ள உடன்படிக்கைகளுக்கு அப்பால் புதிய கடமைகளை நீதிமன்றம் உருவாக்கக் கூடாது என்று வாதிட்ட நாடுகளில் நம் இந்தியாவும் ஒன்று. வரலாற்றுப் பொறுப்பு வளர்ந்த நாடுகளுடையது என்ற நம் வாதத்தில் நியாயம் இருந்தாலும், அந்தத் தீவு மாணவர்களின் பக்கத்திலிருந்து பார்த்தால் நாமும் ஒரு பெரிய நாடுதான். தவிர, கடிதம் எழுதியதிலிருந்து கருத்து வெளிவரும் வரை ஆறு ஆண்டுகள் ஆயின. வழக்கமான பட்டப்படிப்பு ஆறு ஆண்டுகள் நீளாது. 27 பேரும் படிப்பை முடித்துத் தத்தம் வாழ்க்கையைப் பார்க்கப் போக வேண்டியவர்கள்தாம். அமைப்பு என்ற ஒன்று இருந்ததாலும், ஃபிஜியைச் சேர்ந்த விஷால் பிரசாத் போன்ற இளையவர்கள் வந்து பொறுப்பேற்றதாலும்தான் அது அறுந்துபோகவில்லை.

யூனிசெஃபுக்காக 1992இல் ரோஜர் ஹார்ட் என்னும் ஆய்வாளர் எழுதிய ஆய்வொன்றில், சிறுவர்களின் பங்கேற்பை எட்டுப் படிகள் கொண்ட ஓர் ஏணியாக வகுத்திருப்பார். அவர்களைப் பொம்மைகளாக ஆட்டுவிப்பது, அலங்காரத்துக்கு நிறுத்துவது, பெயருக்குச் சேர்த்துக்கொள்வது ஆகிய கீழ்ப்படிகள் மூன்றையும் அவர் பங்கேற்பாகவே கணக்கில் கொள்ளவில்லை. நம் ஊர் விழாக்களில் தலைவரை வரவேற்க வெயிலில் வரிசையாக நிற்கும் பிள்ளைகளை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் படி எது என்று விளங்கிவிடும். மூன்றாம் படியை நான் நேரில் கண்டிருக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாநாட்டில் 'இளைஞர் பரிந்துரைகள்' தயாரிக்கும்படி என் மாணவிகள் இருவரிடம் கேட்டார்கள். இரண்டு மாதம் உழைத்து நாற்பது பக்கம் எழுதினார்கள். மேடையில் அதைப் பெற்றுக்கொண்டு படம் எடுத்துக்கொண்டார்கள். மாலையில் அரங்கைக் காலி செய்தபோது, தேநீர்க் குவளைகளுக்கு நடுவே அந்தக் கட்டு அதே மேசையில் கிடந்தது. திரும்ப எடுத்து வந்த மாணவி, "இதை யார் படிப்பதாக இருந்தது, ஐயா?" என்று கேட்டாள். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. முகவரி கேட்காமல் அவர்களை அந்த வேலையில் இறக்கிவிட்ட பிழை என்னுடையது.

ஹேக் வரை எல்லோரும் போக முடியாது என்று நீங்கள் சொல்லலாம். சென்னை பெசன்ட் நகர் வரை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். அங்கே 1988இல் மாணவர்கள் தொடங்கிய கடல் ஆமைப் பாதுகாப்புப் பணி இன்றுவரை நிற்காமல் நடக்கிறது. பங்குனி ஆமைகள் கரையேறும் ஜனவரி முதல் ஏப்ரல் வரை, நீலாங்கரையிலிருந்து ஏறத்தாழ ஏழு கிலோமீட்டர் இரவெல்லாம் நடக்கிறார்கள். எழுபதுகளில் பாம்புப் பண்ணையைச் சேர்ந்த சிலர் தொடங்கி வைத்த நடை அது. அதை நிலையாகத் தொடர்ந்தவர்கள் கல்லூரிப் பிள்ளைகள். அவர்களுடைய வேலையைப் பக்கத்திலிருந்து பார்த்தால்தான் அதன் அருமை புரியும். அலை ஓரத்திலிருந்து மேட்டுக்கு ஏறித் திரும்பிய தடம் ஒன்று மணலில் தெரிகிறது. தடம் கலைந்து மணல் இறைந்து கிடக்கும் இடத்தில் ஒருவர் மெல்லிய கம்பால் மெதுவாகக் குத்திப் பார்க்கிறார். இறுகிய மணலில் நிற்கும் கம்பு ஓரிடத்தில் சட்டென்று இறங்குகிறது. பிறகு கம்பை வைத்துவிட்டுக் கையால் தோண்டுகிறார்கள். முழங்கை மறையும் ஆழத்தில், குடுவை வடிவக் குழிக்குள் நூறுக்கு மேற்பட்ட முட்டைகள். ஒவ்வொன்றாக எண்ணிப் பையில் எடுத்து, குழியின் ஆழத்தையும் அகலத்தையும் அளந்து குறித்துக்கொண்டு, பொரிப்பகத்தில் அதே அளவில் குழி தோண்டிப் புதைக்கிறார்கள். இதை ஒரு சில மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். உள்ளே வளரும் கரு ஓட்டோடு ஒட்டிக்கொண்ட பிறகு முட்டை புரண்டால் கரு இறந்துவிடும். ஏறத்தாழ நாற்பத்தைந்து நாள் கழித்துக் குஞ்சுகள் வெளிவரும்போது, தெருவிளக்குகளின் வெளிச்சத்தை அடிவானம் என்று நம்பி அவை சாலைப் பக்கம் போய்விடாமல் கடலில் சேர்ப்பதும் அவர்கள் பொறுப்பு.

இங்கே நான் கவனிக்கச் சொல்வது அந்தக் குறிப்பேட்டை. எத்தனை கூடுகள், எத்தனை முட்டைகள், எத்தனை குஞ்சுகள், கரையில் ஒதுங்கிய இறந்த ஆமைகள் எத்தனை என்று ஆண்டுக்கு ஆண்டு எழுதிவைக்கிறார்கள். 2025 ஜனவரியில் சென்னைக் கடற்கரையை ஒட்டி ஆயிரத்துக்கும் மேற்பட்ட பங்குனி ஆமைகள் இறந்து ஒதுங்கின. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தானாகவே முன்வந்து வழக்கு எடுத்தது. கரையிலிருந்து ஐந்து கடல் மைலுக்குள் விசைப்படகுகள், ஆமைகளும் சிக்கிக்கொள்ளும் இழுவலையைப் போடக் கூடாது என்ற விதி ஏன் நடைமுறையில் இல்லை என்ற கேள்வி அரசின் முன் நின்றது. ஆமைகள் ஒவ்வோர் ஆண்டும்தான் இறக்கின்றன என்று சொல்லித் தட்டிக்கழிக்க முடியாமல் போவதற்கு, முந்தைய ஆண்டுகளின் கணக்கு யாரிடமாவது இருந்தாக வேண்டும். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக, சம்பளம் வாங்காத பிள்ளைகள் தூக்கம் கெட்டு எழுதிய கணக்குக்கு அப்படிப்பட்ட நாளில்தான் முழு மதிப்பு தெரியும்.

உங்கள் கல்லூரிக்கு வருவோம். உங்கள் மாணவர்களில் பெரும்பாலோர் கிராமங்களிலிருந்து வருகிறவர்கள் என்றால், பதினெட்டு வயது நிறைந்து ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள ஒவ்வொருவரும் கிராம சபையின் உறுப்பினர். தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு முறை அது கூடுகிறது. பொதுச்சபையில் வனுவாட்டுக்கு இருந்த அதே ஒரு வாக்கு உங்கள் மாணவனுக்கு அங்கே இருக்கிறது. அந்த 27 பேருக்கு அதுகூட இல்லை. உலக நீர் நாளுக்குச் சுவரொட்டி வரைவதை இந்த ஆண்டு நிறுத்திவிட்டு, ஒரே ஓர் ஏரியை எடுத்துக்கொள்ளுங்கள். மாதம் ஒருமுறை நீர்மட்டத்தை அளந்து எழுதட்டும். கரை எங்கே உடைந்திருக்கிறது, எந்த மதகு அடைத்துக் கிடக்கிறது, வரத்துக் கால்வாய் எந்த இடத்தில் மறைந்துபோகிறது என்று நடந்து பார்த்து வரைபடம் போடட்டும். கடைசியாக எப்போது தூர்வாரப்பட்டது, எவ்வளவு செலவு என்பதைத் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005இன் கீழ்ப் பத்து ரூபாய்க் கட்டணத்தோடு கேட்கட்டும். முப்பது நாளுக்குள் பதில் தர வேண்டும், தராவிட்டால் மேல்முறையீட்டுக்கும் அதே சட்டத்தில் இடம் இருக்கிறது. இத்தனையும் கையில் வந்த பிறகு, கேட்பதை ஒரே பத்தியில், இன்ன மதகை இன்ன காலத்துக்குள் சீர்செய்ய வேண்டும் என்று எழுதி, கிராம சபையில் தீர்மானமாக முன்வைக்கட்டும். அந்த மழுப்பலுக்கும் கூர்மைக்கும் இடையிலான சிக்கல் இங்கேயும் வரும். அதை அவர்களே பேசி முடிக்க வேண்டும், நீங்கள் திருத்தி எழுதிக் கொடுக்காதீர்கள்.

முதல் கூட்டத்தில் தீர்மானம் பதிவாகாமலே போகலாம், ஊர்ப் பெரியவர்கள், "படிக்கிற பிள்ளைகளுக்கு இது எதற்கு?" என்று கேட்கலாம். அடுத்த கூட்டத்துக்கும் அதே குறிப்பேட்டோடு போகச் சொல்லுங்கள். நீங்கள் முன்கூட்டியே செய்துவைக்க வேண்டியது ஒன்றுதான்: இந்த வேலையில் மூன்றாம் ஆண்டு மாணவர்கள் இருவர் என்றால் முதலாம் ஆண்டு மாணவர்கள் நால்வர் இருக்கட்டும். ஏப்ரலில் மூத்தவர்கள் தேர்வெழுதிப் போகும் முன், ஒருநாள் மாலை எல்லோரும் ஏரிக்கரைக்குப் போய், எந்தக் கல்லிலிருந்து அளக்க வேண்டும் என்பதை இளையவர்களுக்குக் காட்டி, குறிப்பேட்டை அவர்கள் கையில் கொடுத்துவிட்டு வரட்டும்.